வயர்லெஸ் மைக் செட்டில் பேஸ் கிட்டார்: கேபிள் தொடங்கி மேடை வரை

பாடகருக்காக வாங்கிய வயர்லெஸ் மைக் செட்டை பேஸ் கிட்டாருக்கும் போடலாமா என்று பலரும் கேட்கிறார்கள். போடலாம். ஆனால் அந்தப் பெட்டி மனிதக் குரலை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. பேஸிலிருந்து வரும் சிக்னல் குரலைவிட ஆழமானது, சில சமயம் பல மடங்கு பெரியது, அதோடு எதில் செருகுகிறோம் என்பதைப் பொறுத்துக் குணம் மாறக்கூடியது. இந்த மூன்றையும் கவனித்துவிட்டால் கேபிளில் வாசிப்பதற்கும் வயர்லெஸ்ஸில் வாசிப்பதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

சத்தம் சரியில்லை என்றால் புதியவர்கள் முதலில் அலைவரிசையைத்தான் சந்தேகிப்பார்கள், சேனலை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். கோளாறு பெரும்பாலும் காற்றில் இருப்பதில்லை. பேஸுக்கும் இடுப்பில் மாட்டும் பெட்டிக்கும் இடையே உள்ள அரை மீட்டர் கேபிளிலோ அந்தப் பெட்டியின் கெயினிலோதான் (உள்ளே வரும் சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்ற அமைப்பு) இருக்கும். அதனால் இங்கே அந்த இரண்டுக்கும்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

கையில் உள்ளது எந்த வகை செட்?

கையில் பிடித்துப் பாடும் மைக் வகை என்றால் அது பேஸுக்கு உதவாது. மைக்கும் டிரான்ஸ்மிட்டரும் (ஒலியை ரேடியோ அலையாக அனுப்பும் பகுதி) ஒரே உடம்பில் இருப்பதால் கிட்டார் கேபிள் செருக இடமே இல்லை. சாதாரண மைக்கின் அடியில் செருகும் எக்ஸ்எல்ஆர் டிரான்ஸ்மிட்டரும் வேண்டாம். அதன் உள்ளீடு மைக்குக்கானது, சிலவற்றில் மைக்கை இயக்குவதற்கான ஃபேண்டம் மின்சாரமும் வெளியே வரும்.

நமக்கு வேண்டியது பெல்ட் பேக். சட்டைக் காலரில் குத்தும் மைக், தலையில் மாட்டும் மைக் இவற்றோடு வருகிற அதே சின்னப் பெட்டிதான். மைக் கேபிளைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கிட்டாருக்கான கேபிளைச் செருக வேண்டும். பேஸின் ஜாக்கில் நேராகக் குத்தும் சிறிய 2.4 கிகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டர்களும் கிடைக்கின்றன. அவை இசைக்கருவிக்கென்றே செய்யப்பட்டவை என்பதால் கீழே சொல்லும் கேபிள் சிக்கல்கள் அவற்றில் கிடையாது.

பெல்ட் பேக்கின் கையேட்டை எடுத்து மூன்று விவரங்களைத் தேடுங்கள்: அதிர்வெண் வீச்சு, உள்ளீட்டு இம்பீடன்ஸ் (சிக்னலுக்கு உள்ளீடு காட்டும் மின் எதிர்ப்பு), தாங்கக்கூடிய உச்ச உள்ளீட்டு அளவு. இந்த மூன்றும் தெரிந்தால் செட் பேஸுக்கு ஆகுமா ஆகாதா என்று வாசித்துப் பார்க்கும் முன்பே ஓரளவு சொல்லிவிடலாம்.

அடித்தளச் சுரங்கள் எவ்வளவு கீழே போகின்றன?

நான்கு தந்தி பேஸில் தடித்த ஈ தந்தியைத் திறந்து மீட்டினால் 41.2 ஹெர்ட்ஸ். ஏ தந்தி 55, டி தந்தி 73.4, ஜி தந்தி 98. ஐந்து தந்தி பேஸின் பி தந்தி 30.9 ஹெர்ட்ஸுக்கு இறங்கும்.

குரலுக்கான அனலாக் செட்டுகள் பலவற்றின் கையேட்டில் 45 அல்லது 50 ஹெர்ட்ஸ் முதல் 15 கிலோஹெர்ட்ஸ் வரை என்று போட்டிருக்கும். அப்படியானால் ஈ தந்தியின் அடிப்படை அதிர்வு கொஞ்சம் மெலியும். ஆனாலும் பேஸ் காணாமல் போய்விடாது. அதே தந்தி 82 ஹெர்ட்ஸிலும் பலமாக ஒலிக்கிறது, அந்த மேல்சுரத்தை வைத்துக் காது அடிச்சுரத்தை நிரப்பிக்கொள்ளும். போதாததற்கு, சிறிய பேஸ் ஸ்பீக்கர் பெட்டிகள் பலவும் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே தாமாகவே சரிந்துவிடுகின்றன. நான்கு தந்திக்காரர் இந்த வீச்சோடு காலம் தள்ளலாம். ஐந்து தந்திக்காரர் பெரிய பிஏ சிஸ்டத்தில் (அரங்கம் முழுக்கக் கேட்கவைக்கும் ஒலிபெருக்கி அமைப்பு) வாசிப்பவராக இருந்தால் வீச்சு 20 ஹெர்ட்ஸ் வரையாவது இறங்கும் செட்டைத் தேடுவது நல்லது. டிஜிட்டல் செட்டுகளில் பெரும்பாலானவை அந்த அளவுக்கு இறங்கும்.

இதில் பலர் கோட்டைவிடும் இடம் லோ கட், அதாவது ஆழமான ஓசையை வெட்டும் வசதி. குரலில் வரும் மூச்சுச் சத்தத்தையும் மைக்கைக் கையாளும் சத்தத்தையும் வெட்டுவதற்காகப் பெல்ட் பேக்கின் மெனுவிலோ ரிசீவரிலோ (அலையை வாங்கி ஒலியாக்கும் பெட்டி) இந்த வசதி இருக்கும். பாடகர் அதைப் போட்டுவைத்திருப்பார். பேஸை மாட்டியதும் முதல் வேலையாக அதை அணையுங்கள். மிக்சர் சேனலில் உள்ள லோ கட்டையும் கூடவே பாருங்கள்.

அனலாக் செட்டுகளில் இன்னொரு சங்கதி, கம்பாண்டர். ரேடியோ இணைப்பு இரைச்சல் இல்லாமல் சுமக்கக்கூடிய ஒலி வீச்சு குறைவு. அதனால் டிரான்ஸ்மிட்டர் ஒலியைச் சுருக்கி அனுப்பும், ரிசீவர் அதை விரித்துத் தரும். வழக்கமான விகிதம் 2:1. இந்தச் சுருக்கலும் விரித்தலும் குரலின் வேகத்துக்கு ஏற்றபடி அமைக்கப்பட்டவை. நீண்டு நிற்கும் ஆழமான பேஸ் சுரத்தில், சுரம் அடங்கும்போது பின்னணியில் 'உஸ்' என்று ஒரு மூச்சு எழுந்து மறைவதைக் கேட்கலாம். தனியாக வாசித்தால்தான் அது தெரியும். டிரம்ஸோடு சேர்ந்தால் மறைந்துவிடும். மேடைக்குக் கவலை வேண்டாம், ஆனால் ஒலிப்பதிவுக்கு இந்த வகை செட்டைத் தவிர்த்துக் கேபிளையே போடுங்கள்.

பேஸுக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள கேபிள்

முதலில் உங்கள் பேஸ் பாசிவ்வா ஆக்டிவ்வா என்று தெரிந்துகொள்ளுங்கள். உள்ளே 9 வோல்ட் பேட்டரி இருந்தால் ஆக்டிவ், இல்லாவிட்டால் பாசிவ்.

பாசிவ் பிக்கப் (தந்தியின் அதிர்வைச் சிக்னலாக்கும் பாகம்) என்பது காந்தத்தைச் சுற்றிய ஆயிரக்கணக்கான சுற்றுக் கம்பி. மேல் அதிர்வெண்களில் அதன் இம்பீடன்ஸ் மிகவும் ஏறிவிடும். எனவே அதைச் செருகும் இடத்தின் இம்பீடன்ஸ் 500 கிலோ ஓம் முதல் 1 மெகா ஓம் வரை இருக்க வேண்டும், பேஸ் ஆம்பின் உள்ளீடு அப்படித்தான் இருக்கும். மைக் உள்ளீட்டில் சில பத்து கிலோ ஓம்கள்தான். அதில் பாசிவ் பேஸைச் செருகினால் சுமை அதிகமாகி மேல்பகுதி அடங்கிப்போகும். டோன் குமிழை முழுக்க மூடியதுபோல் கம்பளிக்குள்ளிருந்து வரும் ஓசையாகத் தெரியும். ஆக்டிவ் பேஸில் இந்தத் தொல்லை இல்லை. உள்ளேயிருக்கும் ப்ரீஆம்ப் (சிறிய பெருக்கி) இந்தச் சுமையை எளிதாகத் தாங்கும்.

நல்ல பெல்ட் பேக்குகள் மைக், கிட்டார் இரண்டுக்கும் இடம் கொடுக்கும். எதைச் செருகியிருக்கிறோம் என்பதைக் கேபிளின் இணைப்பை வைத்தே பெட்டி தீர்மானிக்கும். இங்கேதான் கேபிளை வெட்டி ஒட்டுபவர்கள் தவறிவிடுகிறார்கள்.

ஷூர் பெல்ட் பேக்குகளில் நான்கு முனை மினி எக்ஸ்எல்ஆர் இருக்கிறது. 1-ஆம் முனை கிரவுண்ட். 2-ஆம் முனையில் காலர் மைக்குக்கான 5 வோல்ட். 3-ஆம் முனை ஒலி. 4-ஆம் முனை உள்ளே ஒரு சுமை வழியாகக் கிரவுண்டோடு சேர்ந்திருக்கிறது. கிட்டார் கேபிளில் ஜாக்கின் நுனி 3-க்கும் உடம்பு 1-க்கும் போகும், 2-ஐயும் 4-ஐயும் எதனோடும் சேர்க்கக் கூடாது. பழைய காலர் மைக்கின் வயரை வெட்டி, அதே மினி பிளக்கில் கிட்டார் ஜாக்கைப் பற்றவைத்தால் என்ன ஆகும்? மைக்குக்காக உள்ளே போட்டிருந்த இணைப்புகள் அப்படியே இருந்துவிடும். 4-ஆம் முனை வழியாகச் சுமை ஏறி ஓசை மங்கும். 2-ஆம் முனையின் 5 வோல்ட் பேஸின் வால்யூம் குமிழுக்குள் போய், குமிழைத் திருப்பும்போதெல்லாம் 'கரகர' என்று சத்தம் போடும். குமிழ் தேய்ந்துவிட்டது என்று நினைத்து அதை மாற்றியும் பலன் இருக்காது. கேபிளை மாற்றினால் உடனே சரியாகிவிடும்.

சென்ஹைசரின் எவல்யூஷன் வரிசைப் பெல்ட் பேக்குகளில் திருகிப் பூட்டும் 3.5 மில்லிமீட்டர் ஜாக். அதன் நுனி மைக் உள்ளீடு, நடு வளையம் லைன் உள்ளீடு. மைக் பக்கம் சுமார் 40 கிலோ ஓம், லைன் பக்கம் 1 மெகா ஓம். கிட்டார் சிக்னல் நடு வளையத்துக்குத்தான் போக வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரண 3.5 மில்லிமீட்டர் கேபிளைச் செருகினால் சிக்னல் மைக் பக்கம் போய்விடும், ஓசை சட்டென்று வெடித்து உடையும்.

மூன்று முனை மினி எக்ஸ்எல்ஆர் பயன்படுத்தும் நிறுவனங்கள் பல. பிளக் ஒன்றுபோல இருந்தாலும் முனைகளின் வேலை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒன்றின் கேபிளை இன்னொன்றில் செருகிச் சோதிக்காதீர்கள். எங்கள் தீர்மானமான கருத்து: உங்கள் பெல்ட் பேக்கைச் செய்த நிறுவனத்தின் கிட்டார் கேபிளையே வாங்குங்கள். செட்டின் விலையோடு பார்த்தால் அது சிறு தொகை, பாதித் தொல்லையை அது ஒன்றே தீர்த்துவிடும்.

தாமே பற்றவைக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு குறிப்பு. 5 வோல்ட்டும் ஒலியும் ஒரே முனையில் வரும் பெட்டியாக இருந்தால் சிக்னல் வழியில் தொடராக ஒரு கண்டன்சர் போட வேண்டும். அதன் அளவில் கஞ்சத்தனம் கூடாது. உள்ளீடு 20 கிலோ ஓம் என்று வைத்துக்கொண்டால் 0.1 மைக்ரோஃபாரட் கண்டன்சர் 80 ஹெர்ட்ஸிலேயே வெட்டத் தொடங்கிவிடும், ஈ தந்தியின் பாதி உயிர் போய்விடும். 1 மைக்ரோஃபாரட் போட்டால் அந்த வெட்டு 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், பேஸுக்கு ஆபத்தில்லை.

பெட்டியில் மைக் உள்ளீடு மட்டும்தான், பேஸோ பாசிவ் என்றால் நடுவில் 1 மெகா ஓம் உள்ளீடுள்ள ஒரு சிறிய பஃபர் (பிக்கப்பின் மேல் சுமை ஏறாமல் சிக்னலைக் கடத்தும் பெட்டி) வேண்டும். இடுப்பில் மாட்டும் அளவிலேயே கிடைக்கிறது. ஆனால் மேடையில் இரண்டு பெட்டி, இரண்டு பேட்டரி, மூன்று இணைப்பு என்று ஆகிவிடும். அந்த நிலையில் இசைக்கருவிக்கான செட் வாங்குவதே புத்திசாலித்தனம்.

ஆக்டிவ் பேஸ்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் இருக்கிறது. பேஸின் ஜாக் துளைதான் அந்த 9 வோல்ட் பேட்டரியின் சுவிட்சும். உள்ளே இருப்பது ஸ்டீரியோ துளை. மோனோ பிளக்கைச் செருகினால் அதன் நீண்ட உடம்பு நடு வளையத்தையும் கிரவுண்டையும் சேர்த்து ப்ரீஆம்பை உயிர்ப்பிக்கும். ஆகவே பேஸ் முனையில் மோனோ பிளக்தான் இருக்க வேண்டும். நடு வளையம் எதோடும் சேராத ஸ்டீரியோ பிளக்கைச் செருகினால் ப்ரீஆம்ப் எழாது, சத்தமே வராது. அதேபோல வாசிப்பு முடிந்ததும் பிளக்கைக் கழற்றாமல் பெல்ட் பேக்கை மட்டும் அணைத்துவைத்தால், பேஸின் பேட்டரி இரவெல்லாம் கரைந்துகொண்டே இருக்கும்.

கெயின்: டிரான்ஸ்மிட்டரில் தொடங்குங்கள்

பாடகரின் காலர் மைக்குக்கு வைத்த கெயினில் பேஸைச் செருகினால் கட்டாயம் உடையும். காலர் மைக் தருவது மில்லிவோல்ட் கணக்கு. பாசிவ் பேஸில் ஓங்கி அடித்தால் ஒரு வோல்ட்டை நெருங்கலாம், ஆக்டிவ் பேஸில் ஸ்லாப் (கட்டைவிரலால் தந்தியைத் தட்டும் முறை) அடித்தால் பல வோல்ட் வரும். இந்த உடைசல் டிரான்ஸ்மிட்டரின் உள்ளீட்டிலேயே நடந்துவிடும், அதன் பிறகு ரிசீவரிலோ ஆம்பிலோ எவ்வளவு குறைத்தாலும் சரியாகாது. வரிசையாக இப்படிச் செய்யுங்கள்:

1. ஆம்பின் மாஸ்டர் வால்யூமை முழுக்க மூடுங்கள்.
2. டிரான்ஸ்மிட்டரின் கெயினை மிகக் குறைந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள். பேட் சுவிட்ச் (சிக்னலைக் குறைப்பது) இருந்தால் போட்டுவிடுங்கள். எண்களைப் பார்த்து ஏமாற வேண்டாம். சில பெட்டிகளில் 0 என்பது உச்ச உணர்திறன், கழித்தல் எண் கூடக்கூடக் குறையும். வேறு சிலவற்றில் அது நேர்மாறு. கையேட்டில் சரிபாருங்கள்.
3. பேஸின் வால்யூமை முழுக்கத் திறங்கள். ஆக்டிவ் என்றால் மேடையில் நீங்கள் ஏற்றும் அளவுக்கே பேஸ், டிரெபிள் குமிழ்களை ஏற்றிவையுங்கள். குமிழ் நடுவில் இருக்கும்போது கெயின் வைத்துவிட்டு, பிறகு பேஸ் குமிழை ஏற்றினால் எல்லாம் கெட்டுவிடும்.
4. மிகத் தடித்த தந்தியை நிகழ்ச்சியில் அடிக்கும் உச்ச பலத்தில் அடியுங்கள். ஸ்லாப் வாசிப்பவர் ஸ்லாப் அடித்தே பார்க்க வேண்டும். மென்மையாக வருடிப் பார்த்து வைத்த கெயின் மேடையில் நிற்காது.
5. ரிசீவரின் உச்ச விளக்கு ஒரு தடவைகூட எரியாத இடம்வரை கெயினை ஏற்றி, அங்கிருந்து 3 முதல் 6 டெசிபெல் இறக்குங்கள். உற்சாகம் கூடும்போது கை தானாகவே பலமாக அடிக்கும், அதற்கு இந்த இடைவெளி.

கடைசிப் படி கெயினைக் குறைக்கச் சொல்வதால் மிகவும் குறைத்துவிடவும் கூடாது. அப்படிச் செய்தால் ரிசீவரில் ஏற்ற வேண்டிவரும், கூடவே இரைச்சலும் ஏறும்.

அடுத்தது ரிசீவரின் வெளியீடு. ஆம்புக்குப் போவது 6.3 மில்லிமீட்டர் ஜாக் வழியாக, மிக்சருக்கு எக்ஸ்எல்ஆர் வழியாக. மைக், லைன் சுவிட்ச் இருந்தால் எக்ஸ்எல்ஆரை மிக்சரின் மைக் உள்ளீட்டுக்குக் கொண்டுபோகும்போது மைக் நிலையில் வையுங்கள், அந்தச் சேனலில் ஃபேண்டம் மின்சாரத்தை அணைத்துவிடுங்கள்.

வெளியீட்டின் அளவைக் காதால் மட்டும் குத்துமதிப்பாக வைக்காதீர்கள். பேஸை முதலில் சாதாரணக் கேபிளில் ஆம்பில் போட்டு, ஏ தந்தியைச் சீராக மீட்டி, ஆம்பின் டிஐ வெளியீடு (மிக்சருக்கு நேராகப் போவது) மிக்சரில் எந்த அளவு காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வயர்லெஸ்ஸை மாட்டி, அதே மீட்டலுக்கு அதே அளவு வரும்வரை ரிசீவரின் வெளியீட்டுக் குமிழைத் திருப்புங்கள். இப்போது ஆம்பிலும் பெடல்களிலும் ஏற்கெனவே வைத்த அமைப்பு எதையும் மாற்ற வேண்டாம். நிகழ்ச்சி நடுவில் பேட்டரி தீர்ந்து கேபிளுக்கு மாற நேர்ந்தாலும் சத்தம் ஏறாது, இறங்காது. குமிழின் அந்த இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள்.

அளவு சமமான பிறகும் வயர்லெஸ்ஸில் ஓசை கொஞ்சம் கூர்மையாக, விரல் தந்தியில் உரசும் சத்தம் தூக்கலாகத் தெரிந்தால் அது கோளாறு இல்லை. ஒரு மீட்டர் கிட்டார் கேபிளில் சுமார் 100 பிக்கோஃபாரட் கொள்ளளவு இருக்கிறது. 6 மீட்டர் கேபிள் பாசிவ் பிக்கப்பின் மேல்பகுதியை மெல்ல மழுக்கிக்கொண்டிருந்தது, இப்போது அந்த மழுக்கல் போய்விட்டது. டோன் குமிழைச் சற்று மூடினால் போதும். சில செட்டுகளில் கேபிளின் நீளத்தைப் போலச் செய்யும் அமைப்பும் உண்டு. ஆக்டிவ் பேஸில் இந்த வித்தியாசம் தெரியாது.

பெடல் போர்டு வைத்திருப்பவர்களுக்கு

வரிசை: ரிசீவர், டியூனர், பிறகு மற்ற பெடல்கள். ரிசீவருக்குத் தனி மின்சார வழி கொடுங்கள். பெடல்களோடு ஒரே வயரில் கோத்துவிட்டால் டிஜிட்டல் ரிசீவரின் கீச்சொலி, ஓசையை வேண்டுமென்றே உடைக்கும் ஃபஸ், ஓவர்டிரைவ் பெடல்களுக்குள் ஏறிவிடும். அடாப்டரின் வோல்ட், மில்லிஆம்ப், நடுமுனை நேரா எதிரா என்ற மூன்றையும் ரிசீவரின் அடியில் அச்சிட்டிருப்பதோடு ஒப்பிடுங்கள். பழைய வடிவமைப்புள்ள ஃபஸ் பெடல்கள் பிக்கப்போடு நேரடியாகச் சேரும்போதுதான் அவற்றின் குணம் வரும். ரிசீவரின் குறைந்த இம்பீடன்ஸ் வெளியீட்டுக்குப் பிறகு அவை சற்றுக் கடுமையாக ஒலிக்கும்.

அலைவரிசை

யுஹெச்எஃப் செட் (சில நூறு மெகாஹெர்ட்ஸ் பட்டையில் இயங்குவது) வைத்திருந்தால் முதலில் அது உங்கள் நாட்டில் அனுமதிக்கப்பட்ட பட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய செட்டைக் கைமாற்றாக வாங்குவோர் கட்டாயம் பார்க்க வேண்டும். உதாரணமாக, அமெரிக்காவில் 600 மெகாஹெர்ட்ஸ் பட்டையின் பெரும்பகுதி கைப்பேசிச் சேவைக்குப் போய்விட்டது. 2020 ஜூலைக்குப் பிறகு அங்கே அதில் வயர்லெஸ் மைக் இயக்கக் கூடாது. ஐரோப்பாவில் பரவலாக உரிமம் இல்லாமல் பயன்படுத்துவது 863 முதல் 865 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டை. ஒரு நாட்டில் வாங்கியது இன்னொரு நாட்டில் சட்டப்படி செல்லாமல் போகலாம்.

சேனல் தேர்வு இப்படி:

1. எல்லா டிரான்ஸ்மிட்டர்களையும் அணையுங்கள்.
2. ரிசீவரை மட்டும் போட்டு ஸ்கேன் செய்யுங்கள். அது காலியான சேனலைக் காட்டும்.
3. அந்தச் சேனலை டிரான்ஸ்மிட்டருக்கு மாற்றுங்கள். அகச்சிவப்பு ஜன்னல் உள்ள செட் என்றால் இரண்டையும் எதிரெதிரே பிடித்து சிங்க் பொத்தானை அழுத்தினால் போதும்.
4. அந்த டிரான்ஸ்மிட்டரை இயங்கவிட்டுவிட்டு அடுத்த ரிசீவரை ஸ்கேன் செய்யுங்கள். எல்லாச் செட்டும் முடியும்வரை இதே முறை.

மேடையில் பாடகர், கிட்டார், பேஸ் என்று பல செட் ஓடும்போது சேனல்களை மனம்போன போக்கில் எடுக்காதீர்கள். இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள் சேர்ந்து மூன்றாவதாக ஓர் அலையைப் பிறப்பிக்கும். 600, 601 மெகாஹெர்ட்ஸில் இரண்டு செட் ஓடினால் 599-இலும் 602-இலும் ஆவி போல ஒரு சிக்னல் எழும். அந்த இடத்தில் உங்கள் பேஸ் இருந்தால் காரணமே தெரியாமல் கரகரக்கும். செட்டின் மெனுவில் குரூப் என்று இருப்பது இதற்காகத்தான். ஒரே குரூப்பில் உள்ள சேனல்கள் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாதபடி கணக்கிட்டு வைக்கப்பட்டவை. எல்லாச் செட்டையும் ஒரே குரூப்பில் வைத்து, சேனல் எண்ணை மட்டும் மாற்றுங்கள்.

2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டுக்கு உரிமத் தொல்லை பெரும்பாலும் இல்லை, ஆனால் வைஃபை, ப்ளூடூத் எல்லாம் அதே பட்டையில்தான் இருக்கின்றன. ரிசீவரை வைஃபை ரௌட்டரிலிருந்து சில மீட்டர் தள்ளி வையுங்கள். டிஜிட்டல் மிக்சரை டேப்லட் வழியாக இயக்கும் ரௌட்டரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மேடையிலேயே, ரிசீவருக்குப் பக்கத்திலேயே அது உட்கார்ந்திருக்கும். முடிந்தால் அதை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றச் சொல்லுங்கள். அரங்கு காலியாக இருக்கும்போது நன்றாக ஓடிய 2.4 செட், பார்வையாளர்கள் கைப்பேசிகளோடு வந்து அமர்ந்த பிறகு தடுமாறலாம். பெரிய கூட்டத்துக்கு யுஹெச்எஃப்பையே நாங்கள் நம்புகிறோம்.

டிஜிட்டல் செட்டில் தாமதம் வருமே என்ற பயம் தேவையில்லை. வழக்கமாக 2 முதல் 5 மில்லிசெகண்ட். ஒலி காற்றில் 3 மில்லிசெகண்டில் ஒரு மீட்டர் கடக்கும். ஆம்பிலிருந்து ஒன்றிரண்டு அடி எடுத்து வைத்ததற்குச் சமம். காதில் மாட்டும் மானிட்டரும் டிஜிட்டல், மிக்சரும் டிஜிட்டல், பெடலும் டிஜிட்டல் என்று எல்லாம் கூடி 10 மில்லிசெகண்டைத் தாண்டினால்தான் விரலுக்கும் காதுக்கும் நடுவே ஏதோ இழுப்பதுபோல் தெரியும்.

ஆண்டெனாவும் உடம்பும்

ரிசீவரின் இரண்டு ஆண்டெனாக்களையும் 'வி' வடிவில், ஒவ்வொன்றும் சுமார் 45 டிகிரி சாய்வாக விரித்து வையுங்கள். ஒன்றுக்கு அலை எட்டாத இடத்தில் இன்னொன்றுக்கு எட்டும். ரிசீவர் இடுப்புக்கு மேலான உயரத்தில், வாசிப்பவரை நேராகப் பார்க்கும்படி இருக்க வேண்டும். இரும்பு ரேக்குக்குள்ளோ ஆம்புக்குப் பின்னாலோ ஒளித்து வைக்காதீர்கள். அதற்காகப் பக்கத்திலேயே ஒட்டியும் வைக்க வேண்டாம். யுஹெச்எஃப்பில் டிரான்ஸ்மிட்டருக்கும் ரிசீவருக்கும் 2, 3 மீட்டர் இடைவெளி விடுங்கள்.

மனித உடம்பு ரேடியோ அலையை உறிஞ்சும். பெல்ட் பேக் முதுகுப்பக்கம், ரிசீவர் உங்களுக்குப் பின்னால் ஆம்பின் மேல் என்றால் நடுவில் தடை இல்லை. அதே ரிசீவரை மேடையின் முன்பக்கம் வைத்தால் உங்கள் உடம்பே சுவராகிவிடும். பெல்ட் பேக்கின் ஆண்டெனாவை மடிக்காதீர்கள், சுருட்டாதீர்கள், ஈரமான தோலோடு ஒட்டவிடாதீர்கள். 600 மெகாஹெர்ட்ஸில் கால் அலை நீளம் 12.5 சென்டிமீட்டர், அந்த வயரின் நீளம் காரணத்தோடுதான் இருக்கிறது.

பெட்டியை இடுப்பில் மாட்டுவதைவிட பேஸின் ஸ்டிராப்பில், தோளுக்குப் பின்னால் மாட்டுவது வசதி. பேஸைக் கழற்றும்போது பெட்டியும் கூடவே வரும், கேபிள் இழுபடாது. கேபிளை ஸ்டிராப் மாட்டும் பொத்தானுக்கும் ஸ்டிராப்புக்கும் நடுவே ஒரு சுற்று விட்டுச் செருகுங்கள். யாராவது இழுத்தாலும் இழுவை ஸ்டிராப்பில் விழும், ஜாக்கில் விழாது. மீதிக் கேபிளை ரப்பர் வளையத்தால் கட்டிவிடுங்கள். பெட்டி பிக்கப்புக்கு அருகில் வரக் கூடாது. சில டிஜிட்டல் பெட்டிகளின் மின்சுற்று பிக்கப்பில் மெல்லிய கீச்சொலியை ஏற்படுத்தும். ஒரு கை அகலம் தள்ளினாலே அது மறைந்துவிடும்.

மேடையில் நடந்து பாருங்கள்

புது பேட்டரி போட்டு, மற்ற செட்டுகளும் ஓடும் நிலையில், ஒரே சுரத்தை மீட்டிக்கொண்டே மேடையின் எல்லா மூலைக்கும் நடங்கள். நண்பர் ஒருவர் ரிசீவரின் சிக்னல் பட்டைகளைப் பார்க்கட்டும். ஒலி அறுபடும் இடத்தில் நின்று, திரும்பி, மறுபடி பாருங்கள். திரும்பினால் சரியாகிறது என்றால் உடம்பு மறைக்கிறது, ரிசீவரை உயர்த்துங்கள். எப்படித் திரும்பினாலும் அறுபட்டால் சேனலில் வேறொருவர் இருக்கிறார். ஸ்குவெல்ச் (சிக்னல் பலவீனமானால் ஒலியை அடைக்கும் வசதி) குமிழைத் திருகி இதைச் சரிசெய்ய முயலாதீர்கள். ஏற்றினால் தூரம் குறையும், இறக்கினால் சிக்னல் போகும் நேரத்தில் இரைச்சல் பாயும். தொழிற்சாலை நிலையிலேயே இருக்கட்டும்.

கோளாறு வந்தால் எங்கே பார்ப்பது?

முதல் சோதனை எப்போதும் ஒன்றுதான்: வயர்லெஸ்ஸைக் கழற்றிக் கேபிளைப் போடுங்கள். கேபிளிலும் அதே கோளாறு என்றால் ரேடியோவைத் தொடவே வேண்டாம்.

ஓங்கி அடிக்கும்போது மட்டும் உடைந்தால் டிரான்ஸ்மிட்டரின் கெயின். மெதுவாக வாசித்தாலும் உடைந்தால் கேபிளின் இணைப்பு, அல்லது பேஸின் 9 வோல்ட் பேட்டரி சாகப்போகிறது. மங்கலான ஓசைக்கு இம்பீடன்ஸ் காரணம். ஒல்லியாக ஒலித்தால் லோ கட். அசையும்போது மட்டும் 'டப் டப்' என்று வந்தால் பேஸின் ஜாக் நட் தளர்ந்திருக்கும், முறுக்குங்கள். நிற்காத 'ம்ம்ம்' ஓசை கேபிளில் கேட்டு, வயர்லெஸ்ஸில் காணாமல் போனால் அது கிரவுண்ட் லூப், அதாவது கருவிகளின் கிரவுண்ட் இணைப்புகள் வளையமாகச் சேர்ந்ததால் வருவது. வயர்லெஸ் அந்த இணைப்பை அறுத்துவிட்டது. இரண்டிலும் இருந்தால் சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்பின் இயல்பு. இரண்டு பிக்கப் உள்ள பேஸில் இரண்டு வால்யூமையும் சமமாக முழுக்கத் திறந்து பாருங்கள், பெரும்பாலும் அடங்கும்.

பேட்டரியும் அணைக்கும் வரிசையும்

பெல்ட் பேக்குக்கு அல்கலைன் டபுள் ஏ, அல்லது 2000 மில்லிஆம்ப் மணிக்குக் குறையாத நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. மலிவான ஜிங்க் கார்பன் வேண்டாம். ரீசார்ஜ் வகையின் வோல்ட் 1.5 இல்லை, 1.2 தான். மெனுவில் பேட்டரி வகையை மாற்றாவிட்டால் மீட்டர் பொய் சொல்லும். அதோடு அவை கடைசிவரை நிமிர்ந்து நின்று திடீரென்று சாயும் ரகம். மீட்டரில் ஒரு கட்டை மட்டும் மிச்சம் இருப்பதைப் பார்த்துவிட்டு இன்னொரு பாட்டு வாசிக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் புதிதாகவோ முழுக்கச் சார்ஜ் ஏற்றியோ போடுங்கள்.

போடும்போது: ஆம்பை மியூட்டில் வைத்து ரிசீவர், டிரான்ஸ்மிட்டர், கடைசியாக மியூட்டை எடுப்பது. அணைக்கும்போது நேர்மாறு: முதலில் ஆம்ப் மியூட், பிறகு டிரான்ஸ்மிட்டர், பிறகு ரிசீவர். டிரான்ஸ்மிட்டரை மியூட் இல்லாமல் அணைத்தால் பெரிய ஸ்பீக்கரில் 'டொப்' என்று அடிக்கும். முடிந்ததும் பேஸிலிருந்து பிளக்கைக் கழற்றுங்கள், பெல்ட் பேக்கின் பேட்டரிகளை வெளியே எடுத்துவிடுங்கள். சாதாரணக் கேபிள் ஒன்று எப்போதும் ஆம்பின் மேல் சுருட்டி இருக்கட்டும், ஒரு முனை ஆம்புக்குப் பக்கத்திலேயே தயாராக.